மூடிய அறைத் தக்காளிக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்: தேவையா, வீணா? மூவர் விவாதம்

நுண்துளை:
எல்ஈடி வெளிச்சத்தில், ஏசி போட்டு அடைத்த அறையில் தக்காளி வளர்ப்பவருக்கு சிலிண்டர் வீண் செலவு என்று அடிக்கடி சொல்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. 60 கன மீட்டர் அறை, 20 சதுர மீட்டர் செடிப்பரப்பு என்று வைப்போம். வெளிக்காற்றில் உள்ளதைப்போல ஏறக்குறைய 400 பிபிஎம்மில் (பத்து லட்சம் பங்கு காற்றில் 400 பங்கு) அந்த அறைக் காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு மொத்தமே 43 கிராம். நல்ல வெளிச்சத்தில் செடிகள் உணவு தயாரிக்க மணிக்கு 60 கிராம் இழுக்கும். விளக்கு போட்ட ஒரு மணி நேரத்தில் மீட்டர் 200ஐ நோக்கி இறங்கும். அதற்குப் பிறகு எரியும் மின்சாரத்தில் பெரும்பகுதி பாழ். சிலிண்டரால் 1000 பிபிஎம்மில் பிடித்து வைத்தால் அதே வெளிச்சத்தில் 20 முதல் 30 சதவீதம் கூடுதல் வளர்ச்சி வரும்.

வெளிக்காற்று:
பட்டினி உண்மைதான், மருந்து தவறு. மணிக்கு 12 முறை அறைக்காற்று மாறினால் அந்த 60 கிராமும் வெளியிலிருந்தே வந்துவிடும். அளவு 350க்குக் கீழே போகாது. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். ஃபேனையும் ஓடவிட்டு சிலிண்டரையும் திறப்பவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. நிமிடத்துக்கு ஒரு முறை காற்று மாறும் அறையில் 1000ஐப் பிடித்து வைக்க மணிக்கு ஏறக்குறைய 4 கிலோ வேண்டும். 30 கிலோ சிலிண்டர் எட்டு மணி நேரம்கூட வராது.

நுண்துளை:
ஃபேன் ஓடும்போது வால்வு திறக்கவே கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஃபேன் ஓடினால் வால்வுக்கு மின்சாரம் போகாதபடி இரண்டையும் ஒரு ரிலேயில் (தானியங்கி சுவிட்ச்) இணைக்க வேண்டும். ஆனால் நீங்கள் சொல்லும் 12 மாற்றத்தில் குளிர்ந்த, ஈரப்பதம் நீக்கிய காற்று முழுவதும் வெளியே போகிறதே, அந்த மின்கட்டணம்? அடைத்த அறையில் மணிக்கு அரை மாற்றம், அதாவது அறைக்காற்றில் பாதி, கசிந்தாலும் 1000இல் கூடுதலாக இழுக்கும் செடிக்கு 80, கசிவுக்கு 32, ஆக மணிக்கு 112 கிராம்தான். 14 மணி நேர விளக்குக்கு நாளொன்றுக்கு ஒன்றரை கிலோ சொச்சம். அதே சிலிண்டர் 19 நாள் வரும்.

வால்வுக்காவல்:
இருவருமே பாதுகாப்பைத் தொடவில்லை. ஃப்ளோமீட்டரை (வாயு ஓடும் அளவைக் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 7 லிட்டரில் வைப்பது வழக்கமாகிவிட்டது. சோலினாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடுவது) திறந்தபடியே சிக்கிக்கொண்டால் எட்டு மணி நேரத்தில் 3,360 லிட்டர். கசிவே இல்லாத அறை என்றால் 56,000 பிபிஎம். 40,000லேயே உயிருக்கு ஆபத்து. காலையில் கதவைத் திறந்து உள்ளே போகிறவர் மூச்சுத் திணறி, தலைசுற்றி விழக்கூடும்.

2 லிட்டரில் வையுங்கள். 1000ஐத் தொட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும். அரை மாற்றக் கசிவுள்ள அறையில் வால்வு இரவெல்லாம் சிக்கினாலும் 4,000 சொச்சத்தில் நிற்கும். எட்டு மணி நேர வேலைக்கான வரம்பு 5,000. தனி சென்சாரோடு ஒரு அலாரம் கதவுக்கு வெளியே கட்டாயம் வேண்டும். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பள்ளத்தில் தேங்கும்.

வெளிக்காற்று:
சென்சாரை நம்பி இதெல்லாம் செய்கிறீர்கள். விலை குறைந்த சென்சார் பலவற்றில் தானியங்கி அளவுதிருத்தம் உண்டு: சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவை 400 என்று எடுத்துக்கொள்ளும். இரவிலும் 700க்குக் கீழே இறங்காத அறையில் அது 700ஐ 400 என்று காட்டும். திரையில் 1000, அறையில் 1300.

நுண்துளை:
சரியான குறை. அந்த வசதியை அணைத்துவிட்டு, மாதம் ஒருமுறை வெளியே எடுத்துப்போய் வெளிக்காற்றின் அளவான ஏறக்குறைய 420க்குத் திருத்த வேண்டும். சென்சாரைச் செடியின் உச்சி உயரத்தில் மாட்டுங்கள், குழாய்த் துளைக்குப் பக்கத்தில் வேண்டாம். ஒருவர் மூச்சே மணிக்கு 35 கிராம் வெளிவிடும். வேலை செய்யும் இடத்துக்கு நேராக மாட்டினால் மீட்டர் ஏமாறும்.

சிலிண்டரில் மிச்சம் எவ்வளவு என்பதைப் பிரஷர் கேஜில் பார்க்காதீர்கள். உள்ளே திரவம் இருக்கும்வரை முள் அசையாது. தராசில் எடை போடுவதே வழி.

வெளிக்காற்று:
புரொப்பேன் பர்னரையாவது யாரும் சிபாரிசு செய்யாதீர்கள். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு தருவது சரிதான். கூடவே 1.6 கிலோ நீராவியும் 14 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பமும் வரும், ஏசி திணறும். சுடர் மஞ்சளாக எரிந்தால் எத்திலீனும் (காயைப் பழுக்கவைக்கும் வாயு) சேரும், தக்காளிப் பூ கொத்தோடு உதிரும்.

லெட்டூஸ் (சாலட் கீரை) வளர்ப்பவர்களுக்கும் காற்றே முதலில் என்பதுதான் என் பதில். 1000இல் இலைத்துளைகள் ஓரளவு மூடும், நீர் ஏற்றம் குறையும், கால்சியம் இளம் இலைக்குப் போய்ச் சேராது, நுனி கருகும். அங்கே முதலில் செடிக்கு மேலிருந்து காற்று வீச ஒரு ஃபேன், சிலிண்டர் பிறகு.

வால்வுக்காவல்:
லெட்டூஸ் விஷயத்தில் நானும் உங்கள் பக்கம். வால்வைச் சோதிக்கும் முறை: சிலிண்டரைத் திறந்து வைத்து, சோலினாய்டின் மின்சாரத்தைத் துண்டித்து, வெளிவரும் குழாயின் நுனியைத் தண்ணீரில் முக்குங்கள். குமிழி ஒன்று வந்தாலும் வால்வை மாற்றிவிடுங்கள்.