ஒக்லஹோமா, 1955: ஆப்டிசியனுக்குத் தடை, ஆயத்தக் கண்ணாடிக்கு விலக்கு. இது நியாயமா?

பட்டறைக்காரர்:
கண்ணாடி வில்லை (லென்ஸ்) தேய்த்துப் பொருத்தித் தரும் ஆப்டிசியன் வேலையையே பிழைப்பாகக் கொண்டவன் என்பதால், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘வில்லியம்சன் எதிர் லீ ஆப்டிகல்’ வழக்கில் ஒரு மாநிலச் சட்டம் செல்லும் என்று 1955இல் அளித்த தீர்ப்பு எனக்கு இன்றும் செரிக்கவில்லை. ஒக்லஹோமா மாநிலம் 1953இல் இயற்றிய அந்தச் சட்டத்தின்படி, அம்மாநில உரிமம் பெற்ற கண் மருத்துவரோ, பார்வையைச் சோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்டோ எழுதிய சீட்டு இல்லாமல், உடைந்த வில்லைக்கு மாற்று வில்லை செய்து தருவதும் அதை முகத்துக்குப் பொருத்தித் தருவதும் ஆப்டிசியனுக்குக் குற்றம். அதே சட்டம், கடையில் தொங்கவிட்டு விற்கும் ஆயத்தக் கண்ணாடிக்கு விலக்கு அளித்தது. லென்ஸ்மீட்டரில் பவரை அளந்து செய்பவனைத் தடுத்துவிட்டு, எதையும் அளக்காமல் விற்பவனை விட்டுவிடுவது என்ன கணக்கு?

வழக்காடி:
ஐயா, ஆயத்தக் கண்ணாடி விற்பவர் எவருடைய கண்ணைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. வாங்குபவரே போட்டுப் பார்த்து, எழுத்து தெரிந்தால் எடுத்துக்கொள்கிறார். அந்தச் சட்டம் பல நேரங்களில் தேவையற்ற வீண்செலவை உண்டாக்கலாம் என்பதை தீர்ப்பை எழுதிய நீதிபதி டக்ளஸ் மறைக்கவில்லை. ஆனால் நன்மை தீமைகளை எடைபோட வேண்டியது சட்டமன்றம் என்றும், சீர்திருத்தம் ஒவ்வொரு படியாக வரலாம் என்றும் அவர் எழுதினார். வில்லை மாற்ற வருபவரைச் சீட்டுக்காக அனுப்பினால் மறைந்திருக்கும் நோய் தெரியவரும் எனச் சட்டமன்றம் கருதியிருக்கலாம் என்பதும் அவர் சுட்டிய காரணங்களில் ஒன்று. வழக்கில் பங்கேற்காத ஹார்லனைத் தவிர மற்ற நீதிபதிகள் அனைவரும் இதை ஏற்றார்கள்.

பட்டறைக்காரர்:
அந்த நோய்க் காரணத்தை அதே தீர்ப்பே கவிழ்த்துவிடுகிறது. பழைய சீட்டு கடைக் கோப்பில் இருந்தால், புதிய பரிசோதனை இல்லாமலே ஆப்டிசியன் வில்லையைச் செய்யலாம் என்று டக்ளஸே ஒப்புக்கொள்கிறார். பத்தாண்டுப் பழைய சீட்டு எந்த நோயைக் கண்டுபிடிக்கும்? பல சீட்டுகளில், கண்ணாடியை முகத்தில் எப்படிப் பொருத்துவது என்பதற்கு ஒரு குறிப்பும் இராது என்பதையும் அவர் மறுக்கவில்லை. மிஞ்சுவது ஒன்றுதான்: சீட்டுக்காக வாடிக்கையாளர் போய் நிற்கும் இடம், பெரும்பாலும் தானும் கண்ணாடி விற்கிற ஆப்டோமெட்ரிஸ்டின் வாசல்.

வெள்ளெழுத்து:
வாங்குபவளாக ஒன்று சொல்கிறேன். என் இரு கண்களுக்கும் பவர் வேறு, ஒன்றில் சிலிண்டரும் (ஒரு திசையில் மட்டும் கூடுதல் பவர்) உண்டு. கடைக் கண்ணாடியில் அரை மணி நேரம் படித்தாலே தலைவலி வந்துவிடுகிறது. விலக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதற்கு எல்லை வேண்டும் என்கிறேன். பிரிட்டனில் சீட்டின்றி விற்கும் கண்ணாடி வெள்ளெழுத்துக்கு மட்டுமே. இரு வில்லைகளும் ஒரே பவரில், 4 டயாப்டருக்கு (பவரின் அலகு) மிகாமல் இருக்க வேண்டும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்கக்கூடாது.

வழக்காடி:
அம்மா சொன்னதுபோல் எழுதியிருந்தால் ஒக்லஹோமாவின் விலக்கு இத்தனை கேள்விக்கு ஆளாகியிருக்காது. பழைய சீட்டு பற்றிய வாதத்துக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை. தீர்ப்பின் பலவீனமான இடம் அதுதான். ஆனாலும் பரிகாரம் நீதிமன்றத்துக்கு வெளியே வந்தது. பரிசோதனை முடிந்தவுடன் சீட்டைத் தனிக் கட்டணமின்றி நோயாளியிடம் கொடுத்துவிட வேண்டும் என்ற அமெரிக்க நடுவணரசு விதி 1978இல் வந்தபின், அதை எந்தக் கடைக்கும் எடுத்துச் செல்ல வழி பிறந்தது. சில்லறைக் கடைக்குள் கண் பரிசோதனைக்கு இடம் தரக்கூடாது என்ற தடையும் 1953 சட்டத்தில் இருந்ததே. அத்தகைய தடையை நீக்கும் முன்மொழிவு 2018 மாநில மக்கள் வாக்கெடுப்பில் மயிரிழையில் தோற்றாலும், மறு ஆண்டே சட்டமன்றம் அதைத் தளர்த்தியது.

பட்டறைக்காரர்:
1953க்கும் 2019க்கும் இடையே 66 ஆண்டுகள். ‘ஒவ்வொரு படியாக’ என்றது இதைத்தானா? நான் உரிமத்துக்கு எதிரியல்லன், தம்பி. வில்லை தேய்க்கவும் ஃபிரேம் பொருத்தவும் தகுதி பெற்ற கைவினைஞர் என்று ஆப்டிசியனை வரையறுத்த அந்தத் தீர்ப்பு, அந்தத் தகுதியைச் சோதித்து உரிமம் தருவதற்குப் பதிலாகச் சட்டம் ஏன் கையைக் கட்டிப்போட்டது என்று ஒரு வரியாவது கேட்டிருக்கலாம். ஒக்லஹோமாவில் ஆப்டிசியனுக்கென்று மாநில உரிமம் இன்றும் இல்லை.