1971 போரில் திரும்பாத அலீசே விமானம்: அந்த மூன்று பேரைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தென்கரை:
எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் வந்தால் 1971 போர் பற்றிய பதிவுகள் வரிசையாக வரும். 4ஆம் தேதி இரவு நம் ஏவுகணைப் படகுகள் கராச்சியை அடித்தது, 9ஆம் தேதி இரவு டையூவுக்கு அப்பால் நம் போர்க்கப்பல் குக்ரி மூழ்கி 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனது, கேப்டன் முல்லா கப்பலோடேயே போனது, இதெல்லாம் ஓரளவு எல்லோருக்கும் தெரியும். ஆனால் குக்ரி போன மறுநாள், 10ஆம் தேதி, கடற்படையின் அலீசே விமானம் ஒன்று மூன்று பேரோடு அரபிக்கடலுக்கு மேல் போய்த் திரும்பி வரவே இல்லை. லெப்டினன்ட் கமாண்டர் அசோக் ராய், லெப்டினன்ட் சிரோஹி, ஏர்க்ரூமேன் விஜயன். தமிழில் தேடினால் இவர்களைப் பற்றி ஒரு பத்தி கூட அகப்படவில்லை. என் மகள் பள்ளியில் கடற்படை நாளுக்குப் பேசப் போகிறாள், இவர்களைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். அது என்ன விமானம், ஏன் தப்ப முடியவில்லை, ஏன் யாரும் கிடைக்கவில்லை? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொன்னால் பெரிய உதவி.

பழைய மாலுமி:
தம்பி, நான் கடற்படையில் விமானப் பராமரிப்பில் இருந்தவன். 71க்கு ரொம்பப் பிறகுதான் சேர்ந்தேன், ஆனால் அலீசேயில் கைவைத்து வேலை பார்த்திருக்கிறேன், அதனால் விமானத்தைப் பற்றிச் சொல்கிறேன். பிரான்சில் பிரெகே கம்பெனி செய்தது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவதற்கென்றே உண்டான விமானம், மூன்று பேர் உட்காரலாம். மூக்கில் ஒரே ஒரு காற்றாடி, அதைச் சுற்றுவது ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சின், அந்தக் காலத்துப் பயணிகள் விமானமான ஆவ்ரோவில் இருந்த அதே வகை. வயிற்றுக்குள் ராடார் மடங்கிக் கிடக்கும், கடல்மேல் போனதும் அதைக் கீழே இறக்குவார்கள், ஒரு பெரிய குடம் தொங்குவது போலத் தெரியும். மணிக்கணக்காகக் கடலை அலசிக்கொண்டே போகலாம், அதுதான் அதன் பலம்.

அதன் பலவீனம் வேகம். முழு வேகத்தில் விரட்டினாலும் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டித்தான் போகும். அன்றைக்கு அதைச் சுட்டு வீழ்த்தியது பாகிஸ்தான் விமானப்படையின் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர். ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போகிற போர் விமானம், ஏவுகணையும் உண்டு, பீரங்கியும் உண்டு. அலீசேயில் இருந்த ஆயுதமெல்லாம் கடலில் இருப்பதை அடிக்கத்தான், வானத்தில் பின்னால் வருபவனை அடிக்க ஒன்றும் கிடையாது. துணைக்குப் போர் விமானமும் இல்லாமல் இப்படி மாட்டிக்கொண்டால் தப்புவது மிகவும் கடினம். நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் அப்போது வங்கக்கடல் பக்கம் சண்டையில் இருந்தது, மேற்கே இருந்த அலீசேக்கள் கரையிலிருந்துதான் பறந்தன. ஆபத்து தெரிந்தேதான் போனார்கள், ஏனென்றால் எதிரிக் கப்பல் எங்கே, நீர்மூழ்கி எங்கே என்று யாராவது போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், மகளிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை பறக்கப் போகும் முன்பும் விமானி ஒரு பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார், நாங்கள் ஃபார்ம் 700 என்போம். எஞ்சின் பார்த்த பையன், மின்சாரம் பார்த்த பையன், எரிபொருள் நிரப்பியவன் எல்லோரும் முதலில் போட்டிருப்போம், கடைசியில் விமானி போட்டு 'இனி இது என் பொறுப்பு' என்று வாங்கிக்கொண்டு போவார். அந்தப் பதிவேடு விமானத்தோடு போகாது, தரையிலேயே இருக்கும். இறங்கியதும் அவர் வந்து என்ன கோளாறு, என்ன சரி என்று எழுத வேண்டும். எரிபொருள் எத்தனை மணிக்குத் தீரும் என்று கீழே நிற்கிற ஒவ்வொருவனுக்கும் தெரியும். அந்த நேரம் தாண்டிய பிறகும் விமானம் உருளாமல் சக்கரத்துக்கு வைக்கிற கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுபாதையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், யாரும் போ என்று சொன்னால்கூட நகர மாட்டார்கள்.

ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டீர்கள். தரையில் விழுந்தால் சாம்பலாவது மிஞ்சும். கடலில் விழுந்த விமானம் மூழ்கிவிடும், மிதப்பதை அலையும் நீரோட்டமும் எங்கெங்கோ கொண்டுபோய்விடும். தேடப் போக வேண்டிய இடமோ எதிரிப் போர் விமானங்கள் எட்டுகிற இடம். அமைதிக் காலத்தில் தேடுவது போல நாள்கணக்காகச் சுற்றித் தேட முடியாது.

மலர்விழி:
ஐயா எழுதியதைப் படித்ததும் மனசு கனத்துப்போய்விட்டது. எனக்கு ஒரு கேள்வி. பாகிஸ்தான் சிறைகளில் இருப்பதாகச் சொல்லப்படும் 54 பேர் பட்டியலில் அசோக் ராய் பெயரையும் பார்த்திருக்கிறேன். அப்படியானால் அவர் உயிரோடு பிடிபட்டிருக்கலாமா?

கோவை வாசகன்:
மலர்விழி, அந்தப் பட்டியலை நிதானமாகத்தான் அணுக வேண்டும். ராணுவம், விமானப்படை, கடற்படை என்று 'காணவில்லை' என்ற நிலையிலேயே நின்றுபோன பலரின் பெயர் அதில் இருக்கிறது. சிலரைப் பற்றி வானொலிச் செய்தி, பத்திரிகைப் படம், விடுதலையாகி வந்த கைதிகளின் வாக்குமூலம் என்று ஏதோ ஒரு துப்பு இருந்தது. எல்லோருக்கும் அப்படி இல்லை. அப்படி யாரும் தங்களிடம் இல்லை என்று பாகிஸ்தான் சொல்லிவந்தது. 1983லும் 2007லும் உறவினர்களே அங்கே போய்ச் சிறைகளைப் பார்த்தார்கள், 2007ல் போனவர்கள் 14 பேர், யாரையும் கண்டுபிடிக்காமல்தான் திரும்பினார்கள். நடுக்கடலில் சுடப்பட்ட விமானத்திலிருந்து ஒருவர் பிடிபட்டார் என்று சொல்ல வலுவான ஆதாரம் வேண்டும். அதற்காகக் குடும்பங்களின் நம்பிக்கையை நாம் குறை சொல்லக்கூடாது. இறந்தார் என்று தந்தி வந்தால் அழுது, காரியம் செய்து, பிறகு எப்படியோ எழுந்துவிடலாம். காணவில்லை என்று வந்தால் சடங்கு செய்வதா வேண்டாமா, பொட்டை அழிப்பதா வேண்டாமா என்பதில் தொடங்கி எல்லாமே தொங்கலில் நிற்கும். சட்டப்படியும் 7 வருடம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லை என்றால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்ற விதி இருந்தது. நம் கையில் 93,000 பாகிஸ்தான் கைதிகள் இருந்தபோதே இந்தக் கேள்வியை இன்னும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்களுக்காக. கடற்படையின் விமானத் தளமான ஐ.என்.எஸ். ஹன்சா 1961ல் முதலில் ஆரம்பித்தது எங்கள் சூலூரில்தான். பிறகுதான் கோவா டபோலிம் போனது. கடற்படை விமானிகள் கதை நமக்கு அவ்வளவு தூரத்துக் கதை இல்லை.

நெய்தல்:
ஒரு விஷயம் சேர்க்கிறேன், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். அலீசே விழுந்து இரண்டே நாளில், டிசம்பர் 12ஆம் தேதி, ஜாம்நகர் பக்கம் வந்த ஒரு எஃப்-104ஐ நம் விமானப்படையின் மிக்-21 போர் விமானம் கட்ச் வளைகுடா மேல் விரட்டிச் சுட்டது. அந்த எஃப்-104ஐ ஓட்டியவர் விங் கமாண்டர் மெர்வின் மிடில்கோட். குதித்துக் கடலில் இறங்கினார், அவரும் கிடைக்கவில்லை. அவர் வீட்டிலும் இதே காத்திருப்புதான்.

சோழமண்டலம்:
நெய்தல், இந்த இழை நம் மூன்று பேருக்காகத் தொடங்கியது. எதிரி விமானியை இங்கே ஏன் கொண்டுவர வேண்டும்? அவர்களை நினைக்க அவர்கள் நாடு இருக்கிறது.

பழைய மாலுமி:
சோழமண்டலம், உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் கடலில் விழுந்தவன் யாராக இருந்தாலும் கண்ணில் பட்டால் தூக்க வேண்டும், அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நெய்தல் எழுதியது இருக்கட்டும். பிள்ளையின் பேச்சில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அப்பா முடிவு செய்துகொள்ளட்டும்.

தென்கரை:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மகளுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஃபார்ம் 700 விஷயத்தைத்தான் முதலில் சொல்லப் போகிறாளாம். மிடில்கோட்டையும் ஒரு வரியில் சேர்க்கிறேன் என்கிறாள், நான் தடுக்கவில்லை. ஐயா, இன்னும் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பழைய மாலுமி:
ஒன்றே ஒன்று. பல கட்டுரைகளில் விமானி பெயரை மட்டும் போட்டுவிட்டு 'மற்றும் இருவர்' என்று முடித்துவிடுகிறார்கள். அது எனக்குப் பொறுக்காது. பின்னால் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தவனுக்கும் அதே கடல்தான். ராய், சிரோஹி, விஜயன் என்று மூன்று பெயரையும் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் விடுமுறையில் கோவா போனால் போக்மாலோவில் இருக்கிற கடற்படை விமான அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள், அங்கே ஒரு அலீசே நிற்கிறது. பிள்ளையை வயிற்றுப் பக்கம் குனிந்து ராடார் இருக்கும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். போவதற்கு முன் திறந்திருக்கும் நாள் எது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.