ரிலீஃப் வால்வைக் கலுங்கு என்று சொன்னால் என்ன குறை?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஹைட்ராலிக்குக்கு, அதாவது அடைத்த ஆயிலைத் தள்ளிச் சுமை தூக்குகிற முறைக்கு, ‘நீரியல்’ என்ற தமிழ்ச் சொல்லே போதும் என்று நம் கலைச்சொல் குழுவில் போன வாரம் பேசி முடித்திருக்கிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை. மழையளவு, நிலத்தடி நீர் பார்க்கிற படிப்புக்கும் அதே பெயர்தான். அதோடு, காரைக்குடியில் என் பட்டறைக்கு வருகிற ஜாக்கியிலும் டிப்பர் டிரெய்லரிலும் தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது; கலந்தால் ஆயில் பால் மாதிரி வெளுத்துப் பம்பைத் தின்றுவிடும். கிரேக்கத்தில் அந்தச் சொல் நீர், குழல் என்ற இரண்டிலிருந்து வந்தது, 1795இல் ஜோசப் பிரமா என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய அழுத்து எந்திரமும் தண்ணீரில்தான் ஓடியது, அதெல்லாம் சரி. இன்று ஓடுவது எண்ணெய். ‘நீர்மம்’ என்றால் திரவம், எண்ணெயும் அதற்குள் வந்துவிடும். ‘நீர்மவிசை’க்கு என் ஓட்டு.

நான் எழுத வந்தது அதைப் பற்றியும் இல்லை, ரிலீஃப் வால்வைப் பற்றி. அதற்கு ‘விடுவிப்பு ஓரதர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார்; ஓரதர் என்றால் வால்வாம். இதை என் பட்டறையில் சொன்னால் ஒரு பையனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

முதலில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் போய்ச் சேரும் என்பது பாஸ்கல் விதி. 2 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டனில் 20 கிலோ எடையை வைத்தால் 10 செ.மீ. பிஸ்டன் 500 கிலோவைத் தாங்கும், பரப்பு 25 மடங்கு ஆகிறதே. சும்மா கிடைப்பதில்லை; சின்னது 25 செ.மீ. இறங்கினால்தான் பெரியது 1 செ.மீ. ஏறும். ஆனால் பலரும் தப்பாக நினைப்பது பம்பைத்தான். பம்பு அழுத்தத்தை உண்டாக்குவதில்லை, ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவே. எதிரே சுமை மறிக்கும்போதுதான் அழுத்தம் ஏறும். காலி டிரெய்லரைத் தூக்கும்போது கேஜ் முள் சோம்பேறியாகக் கிடக்கும், ஜல்லி ஏற்றிப் பாருங்கள், மளமளவென்று போகும். சிலிண்டர் முழுசாக நீண்டு முட்டிய பிறகும் பம்பு தள்ளிக்கொண்டே இருந்தால் ஆயில் எங்கே போகும்? ஹோஸ் வெடிக்கும். அதற்கு முன்னாலேயே, ஸ்பிரிங்கில் வைத்த அளவைத் தாண்டியதும் திறந்து மிச்ச ஆயிலை டேங்குக்கே அனுப்பிவிடுகிறதே, அதுதான் ரிலீஃப் வால்வு.

இதற்கு நம் ஊரில் பெயர் இல்லையா? கண்மாய்க் கரையில் மிச்சத் தண்ணீர் வழியக் கல்லால் கட்டி வைத்த கலுங்கு வேறென்ன செய்கிறது? குறிப்பிட்ட மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்காது, மிச்சம் வழிந்து போகும், கரை பிழைக்கும்.

போன மாதம் ஒரு டிரெய்லர்க்காரர் வந்தார். கூடுதல் லோடு தூக்கவில்லை என்று அவரே ரிலீஃப் வால்வை இறுக்கி விட்டிருக்கிறார், ஹோஸ் பிய்ந்து ஆயில் முழுக்கத் தரையில். அழுத்தம், ஸ்பிரிங் என்று கால் மணி நேரம் சொன்னேன், தலையை மட்டும் ஆட்டினார். கடைசியில், “அண்ணே, கலுங்குக் கல்லுக்கு நடுவுல மண் மூட்டைய அடுக்கிட்டு, கரை ஏன் உடைஞ்சுச்சுன்னு கேக்குறீகளே” என்றேன். சிரித்துவிட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆகவே ‘கலுங்கு வால்வு’. வால்வை வால்வாகவே விடுங்கள், அது எப்போதோ தமிழாகிவிட்டது. லீவரைத் தள்ளினால் ஆயிலை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்புகிற வால்வுக்கு ‘மடைமாற்றி’. வயலில் மண்வெட்டியோடு நிற்கிறவர் செய்வது அதே வேலைதான்.

— காரைக்குடிப் பட்டறைக்காரன்

ஐயா, மடைமாற்றிக்கு மறுபேச்சில்லை. கலுங்கில் எனக்கு இரண்டு தயக்கம். வடக்கே கலங்கல், கலிங்கல் என்கிறார்கள், எந்த வடிவத்தை எடுப்பது? இன்னொன்று, கலுங்கு எப்போதும் திறந்தே கிடக்கிறது, உங்கள் வால்வோ ஸ்பிரிங்கால் மூடிக் கிடக்கிறது. பேசாமல் ‘மறுகால் வால்வு’ என்று வைத்தால் என்ன? கண்மாய் மறுகால் பாயுது என்றுதானே நாமும் சொல்கிறோம்.

— தேவகோட்டை ஆசிரியர்

ஐயா, மறுகால் என்பது கலுங்கில் வழிந்து ஓடும் தண்ணீர், அது ஓடுகிற வாய்க்கால். வால்விலிருந்து டேங்குக்குத் திரும்பும் குழாய்க்கு ‘மறுகால் குழாய்’ என்று வையுங்கள், கச்சிதமாக உட்காரும். ஸ்பிரிங் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் கலுங்கின் உயரம் செய்வதைத்தான் இங்கே ஸ்பிரிங் செய்கிறது, கல்லை உயர்த்தினால் மட்டம் ஏறும், இறுக்கினால் அழுத்தம் ஏறும். வடிவத்தைப் பொறுத்தவரை கலிங்கு என்று எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை.

நேற்று ஒரு சோதனை செய்தேன். முன்னாடி எதுவும் சொல்லி வைக்காமல், புதுசாகச் சேர்ந்த பையனிடம் “அந்தக் கலுங்கைக் கால் சுத்து தளர்த்துடா” என்றேன். ஒரு நொடி முழித்தான், பம்பைப் பார்த்தான், அப்புறம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சரியான நட்டுக்கே போனான்.

— காரைக்குடிப் பட்டறைக்காரன்