இரண்டு மாதத்தில் மூன்று இடத்தில் பைப் லீக். மொத்தமாக மாற்றித்தான் ஆகணுமா?

மாடிவீட்டுக்காரன்:
மதுரையில் 2012இல் கட்டிய வீடு, கீழும் மாடியும். மொட்டை மாடியில் 1000 லிட்டர் டேங்க். இத்தனை வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. பொங்கல் கழிந்ததும் மாடி பாத்ரூமில் ஷவருக்குத் திரும்பும் வளைவு ஜாயின்ட், எல்போ என்பார்களே, அது விரிசல் விட்டு, டைல்ஸை உடைத்துச் சரி செய்தோம். மூன்றே வாரத்தில் மொட்டை மாடியில் ஒரு ஜாயின்ட் கழன்று டேங்க் மொத்தமும் காலி, விடிந்து கதவைத் திறந்தால் படிக்கட்டில் தண்ணீர் ஓடுகிறது. இப்போது கிச்சன் சுவரின் பின்பக்கம் ஓதம். பெயிண்ட் உப்பிக்கொண்டு நிற்கிறது, விரல் பட்டால் மாவு மாதிரி கொட்டுகிறது. பிளம்பர் "பைப் பழசாயிடுச்சு சார், எல்லாத்தையும் மாத்திடலாம்" என்கிறார். பன்னிரண்டு, பதிமூன்று வருஷத்தில் பைப் பழசாகுமா?

பைப்புக்கடை:
பைப் அவ்வளவு சீக்கிரம் சாகாது. ஒன்று கேட்கிறேன், பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் வீட்டில் புதிதாக ஏதாவது மாட்டினீர்களா?

மாடிவீட்டுக்காரன்:
டிசம்பரில் பிரஷர் பம்ப் வைத்தோம். மாடி ஷவரில் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும், அதனால். அட, டேங்க் காலியான அன்று காலையில்கூட அது உறுமிக்கொண்டேதான் இருந்தது.

பைப்புக்கடை:
அப்படிச் சொல்லுங்கள். பத்து மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பிரஷர் என்பது கணக்கு. உங்கள் மாடி ஷவருக்கும் டேங்குக்கும் மூன்று மீட்டர் இருந்தால் அதிகம், அதாவது இத்தனை வருஷமும் அந்த எல்போ தாங்கியது கால் கிலோ சொச்சம்தான். சின்ன பம்ப் ஒன்றரை கிலோ சேர்த்தாலே அதற்குப் பல மடங்கு, அதுவும் குழாயைத் திறந்து மூடும்போதெல்லாம் பம்ப் ஓடி நிற்கும், ஒவ்வொரு தடவையும் லைனில் ஒரு அடி விழும். குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டொக்' என்று கேட்கிறதா? அதுதான் அந்த அடி.

இதில் பைப் உடையாது, ஜாயின்ட்தான் விடும். ஈரத்தைத் துடைக்காமல் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவியிருப்பார்கள், பைப்பை முழுசாக உள்ளே தள்ளியிருக்க மாட்டார்கள், ஒட்டிய அரை மணியில் தண்ணீரைத் திறந்துவிட்டிருப்பார்கள். கால் கிலோவில் இதெல்லாம் வெளியே தெரியாமலே ஓடிவிடும். எல்போ வேறு கதை. பிளாஸ்டிக் மரையில் இரும்பு நிப்பிளை, அதாவது மரை போட்ட குட்டிப் பைப்பை, வைத்து ரெஞ்சால் இழுத்து இறுக்கினால் அன்றைக்கே மயிரிழை விரிசல் விழுந்துவிடும், தெரிவதற்குத்தான் வருஷம் ஆகும். டைல்ஸ் உடைத்த இடங்களில் உள்ளே பித்தளை மரை வைத்த எல்போவாகப் போடச் சொல்லுங்கள், நாலு காசு கூடத்தான்.

கொத்தவால்சாவடி:
கீசர் லைனையும் பாருங்கள். எங்கள் வீட்டில் பச்சைத்தண்ணீர் குழாயைத் திறந்தால் முதல் அரை நிமிஷம் வெதுவெதுவென்று வரும், குளிருக்கு நல்லதுதானே என்று ஒரு வருஷம் சந்தோஷமாகக் குளித்தோம். கீசருக்குப் போகும் லைனில் இருந்த ஒருவழி வால்வு போய், சுடுதண்ணீர் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. சாதா பிவிசி 60 டிகிரியிலேயே துவண்டுவிடும், சுடுதண்ணீருக்குத் தாங்குவது சிபிவிசிதான். கடைசியில் ஜாயின்ட் வாயைப் பிளந்தது.

துளைபோட்டவன்:
எங்கள் வீட்டில் லீக்குக்குக் காரணம் நானேதான். கண்ணாடி மாட்ட டிரில் போட்டேன், முகத்தில் அடித்தது.

சைட்_எஞ்சினியர்:
கிச்சன் ஓதத்தை மற்ற இரண்டு லீக்கோடு சேர்க்காதீர்கள், அது வேறாக இருக்கலாம். ராத்திரி படுக்கும் முன் பம்ப்பை ஆஃப் செய்து, டேங்கிலிருந்து இறங்கும் எல்லா லைன்களின் கேட் வால்வுகளையும் மூடி, டேங்க் மட்டத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் ராத்திரி கிச்சனுக்குப் போகும் வால்வை மட்டும் திறந்து, யாரும் தண்ணீர் புழங்காமல் அதையே செய்யுங்கள். இரண்டாவது தடவை மட்டும் மட்டம் இறங்கினால் கிச்சன் லைன். இரண்டிலும் இறங்கவில்லையா, சிங்க் கழிவுநீர்க் குழாயைப் பாருங்கள். அதில் பம்ப்புக்கும் பிரஷருக்கும் வேலையே இல்லை. அப்புறம், மொட்டை மாடியில் வெயிலில் கிடக்கும் வெள்ளைப் பைப்பைத் துணியால் துடைத்துப் பாருங்கள், சுண்ணாம்பு மாதிரி ஒட்டினால் வெயில் தின்றுவிட்டது என்று அர்த்தம், அந்த நீளத்தை மட்டும் மாற்றிப் பெயிண்ட் அடித்துவிடலாம்.

மாடிவீட்டுக்காரன்:
இரண்டு ராத்திரி பார்த்தாயிற்று, கோடு போட்ட இடத்திலேயே தண்ணீர் நிற்கிறது. சிங்க்குக்கு அடியில் இருந்த டப்பாக்களை எல்லாம் எடுத்துவிட்டு டார்ச் அடித்தால், கழிவுக் குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில் பூசவே இல்லை, சுற்றிலும் கறுப்பாக ஊறிக் கிடக்கிறது. சனிக்கிழமை கொத்தனார் வருகிறார். மொத்தமாக மாற்றும் வேலையை நிறுத்திவிட்டேன். பம்ப்பை மட்டும் கழற்ற வழியில்லை, அந்த ஷவரில் குளித்துப் பழகிவிட்டார்கள், பிரஷரைக் குறைத்து வைக்க முடியுமா என்றுதான் கேட்க வேண்டும்.