புதிதாக வந்த பால் பைத்தான் (ball python, பந்தாய்ச் சுருளும் மலைப்பாம்பு) தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கிறது, எலியைத் தொடவில்லை. உதவி தேவை

நித்யா, ஸ்கார்பரோ:
வணக்கம். வளர்க்க வசதிப்படாத ஒரு குடும்பத்திடமிருந்து இந்த மாதம் ஒரு பெண் பால் பைத்தானைத் தத்தெடுத்தோம். வயது இரண்டு, எடை 850 கிராம். அங்கே ஒழுங்காகச் சாப்பிட்டவள்தான். இங்கே உறைந்த எலியை உருக வைத்து நாலைந்து நாளுக்கொரு முறை நீட்டிப் பார்க்கிறோம், தலையைத் திருப்பிக்கொள்கிறாள்.

பகல் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டிருக்கிறாள். இரவானால் கண்ணாடியோடு நிமிர்ந்து, மேலே உள்ள வலை மூடியில் மூக்கை உரசிக்கொண்டே போகிறாள். மூக்கு நுனிச் செதில் லேசாக வெளுத்துவிட்டது. அதுதான் எனக்குப் பயம்.

தொட்டி 40 கேலன் கண்ணாடி, மேலே முழுக்க வலை. ஒரு பக்கம் அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), மேலே சிவப்பு பல்பு (இரவும் எரியும்). கீழே ஆஸ்பென் மரச்சீவல், நடுவில் ஒளிந்துகொள்ள உள்ளே குடைந்த பெரிய அரைக்கட்டை ஒன்று. சுவரில் ஒட்டிய வட்ட மீட்டரில் ஈரப்பதம் 55, வெப்பம் 27 காட்டுகிறது. பழகட்டும் என்று மகள் தினமும் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொள்கிறாள். மாமியார் கிண்ணத்தில் பால் வைக்கச் சொல்கிறார். எங்கே இடிக்கிறது?

புற்றுமண்:
முதலில் பால் வேண்டாம் என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். பாம்புக்குப் பால் உணவே இல்லை. தாகத்தில் தவிக்கும் பாம்பு எதை வைத்தாலும் குடிக்கும், அப்புறம் வயிறு கெடும்.

பாம்பு கிண்ணத்திலேயே கிடந்தால் நான் பார்ப்பது நான்கு விஷயம்: உண்ணி, அதிகச் சூடு, வறண்ட காற்று, ஒளிய இடமின்மை. உண்ணியை இப்போதே பார்த்துவிடலாம். வெள்ளை டிஷ்யூவை ஈரமாக்கி உடம்பு நெடுகத் துடையுங்கள், தாடைக்கு அடியிலும் கண்ணோரத்திலும் கூட. டிஷ்யூவிலோ கிண்ணத்தின் அடியிலோ கடுகை விடச் சின்னதாகக் கருப்புப் புள்ளிகள் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஹீட் மேட்டுக்கு தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இருக்கிறதா? இல்லையென்றால் இன்று இரவே பிடுங்கி வைத்துவிடுங்கள். கண்ணாடி எவ்வளவு சுடுகிறது என்பது அந்தச் சுவர் மீட்டருக்குத் தெரியவே தெரியாது. அதன் ஈரப்பத எண்ணையும் நான் நம்ப மாட்டேன். முனையில் சென்சார் உள்ள டிஜிட்டல் மீட்டர் இரண்டு வாங்கி, ஒன்றைச் சூடான பக்கத்தில், ஒன்றைக் குளிர்ந்த பக்கத்தில் தரையோடு வையுங்கள். பாம்பு இருப்பது தரையில்தானே.

மொன்றியல் அக்கா:
தங்கச்சி, சாப்பாட்டைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கோ. இவை மேற்கு ஆப்பிரிக்காவில், கானா, தோகோ, பெனின் பக்கத்தில், எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் பகலைக் கழிக்கிற பாம்பு. நாலு பக்கமும் உடம்பில் சுவர் முட்டினால்தான் அதற்கு நிம்மதி. உங்கட அரைக்கட்டை இரண்டு பக்கமும் திறந்து கிடக்குது, அவளுக்கு அது வீடில்லை. கிண்ணத்தின் விளிம்புதான் அவளை நெருக்கிப் பிடிக்குது, அதனால் அங்கே போய்க் கிடக்கிறாள்.

ஒரே அளவில் இரண்டு மறைவிடம் வையுங்கோ, சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று. ஒரு சின்ன வாசல், உள்ளே சுருண்டால் முதுகு கூரையில் முட்ட வேணும். கடையில் வாங்கத் தேவையில்லை. பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து, வாசல் வெட்டி, ஓரத்தைத் தேய்த்துவிட்டாலே போதும். கண்ணாடியின் பின்பக்கமும் இரு பக்கமும் கருப்புத் தாள் ஒட்டுங்கோ. பிள்ளை இப்போதைக்குக் கண்ணால் மட்டும் பார்க்கட்டும்.

ராஜா 77:
எலி உயிரோடு ஓடினால் பசி கிளம்பும். ஒன்று வாங்கி உள்ளே விட்டுப் பாருங்கள்.

புற்றுமண்:
ராஜா, பயந்துபோன பாம்போடு உயிருள்ள எலியை அடைப்பது ஆபத்து. பாம்பு பிடிக்காவிட்டால் எலி கடிக்கும். முதுகுத் தசை வரை கடிபட்ட பாம்புகளைப் பார்த்திருக்கிறேன். இங்கே பிரச்சினை பசியே இல்லை. நல்ல உடம்புள்ள பால் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், குளிர்காலத்தில் இன்னும் சகஜம். நித்யா, சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை மட்டும் குறித்து வையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அல்லது வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ மூக்கில் குமிழி வந்தாலோ, காத்திருக்காமல் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள்.

நித்யா, ஸ்கார்பரோ:
எல்லோருக்கும் நன்றி. உண்ணி இல்லை, டிஷ்யூ சுத்தமாக வந்தது. மற்றதெல்லாம் அதிர்ச்சி. டிஜிட்டல் மீட்டரில் ஈரப்பதம் 31 சதவீதம்! ஹீட் மேட்டுக்கு மேல் சீவலை விலக்கி அளந்தால் கண்ணாடி 43 டிகிரி. மேட்டை உடனே அணைத்துவிட்டேன். கண்கள் இன்று நீலம் பூத்த மாதிரி மங்கலாக இருக்கின்றன, வயிறு ரோஸாக இருக்கிறது.

புற்றுமண்:
தோலுரிக்கப் போகிறாள். 31 சதவீதத்தில் உரித்தால் தோல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும், கண் மேல் உள்ள மெல்லிய மூடியும் வராமல் போகும். அதனால் முதல் வேலை ஈரப்பதம்.

கனடா குளிர்காலத்தில் அபார்ட்மென்ட் ஹீட்டர் காற்றைச் சருகாக்கிவிடும். போதாததற்கு வலை மூடி இருக்கிற ஈரத்தையும் வெளியே விடுகிறது. மூடியின் முக்கால் பகுதியை அலுமினியத் தாள் டேப்பால் அடையுங்கள், பல்புக்குக் கீழே மட்டும் விட்டுவிடுங்கள். ஆஸ்பெனை எடுத்துவிட்டுத் தேங்காய் மட்டைத் துண்டை நான்கு விரல் உயரம் பரப்புங்கள். மேலே தெளிப்பது ஒரு மணி நேரம்கூட நிற்காது. மூலைகளில் தண்ணீரை ஊற்றி அடிப்பகுதி நனைய விடுங்கள், மேற்பரப்பு காய்ந்தே இருக்கட்டும். மேற்பரப்பும் நனைந்து கிடந்தால் வயிற்றுச் செதில் புண்ணாகும். 65 முதல் 75 வரை நின்றால் போதும்.

சூடான பக்கம் தெர்மோஸ்டாட்டில் 32, குளிர்ந்த பக்கம் 25, 26. சிவப்பு பல்பு இரவில் வேண்டாம். வெளிச்சமில்லாத செராமிக் ஹீட்டரை, அதையும் தெர்மோஸ்டாட்டில், மாட்டுங்கள்.

மொன்றியல் அக்கா:
80க்குக் கொண்டுபோனாலும் பிழையில்லை என்பது என் அனுபவம். குளிர்ப் பக்க மறைவிடத்துக்குள் ஈரமான ஸ்பாக்னம் பாசி ஒரு கைப்பிடி வையுங்கோ. கண் மங்கலாக இருக்கும்வரை எலியைக் காட்டவே வேண்டாம்.

செங்குன்றம் வாசி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சென்னையில் இதை வளர்க்கலாமா?

புற்றுமண்:
நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972 வனவுயிர் சட்டம் விடாது. பால் பைத்தான் வெளிநாட்டு இனம், ஆனால் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளது. வாங்கிய ஆவணத்தோடு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். காகிதம் இல்லாமல் யாராவது விற்றால் ஒதுங்கிவிடுங்கள். சென்னை விமான நிலையத்தில் கடத்தி வந்து பிடிபடுகிற பாம்புகளில் இதுவும் அடிக்கடி இருக்கும்.

நித்யா, ஸ்கார்பரோ:
நல்ல செய்தி! ஈரப்பதம் 70இல் நிற்கிறது. மறைவிடங்கள் வைத்த பிறகு கிண்ணத்துப் பக்கமே போவதில்லை. மூக்கு உரசலும் நின்றது. தோல் ஒரே உரிப்பாக, காலுறையைக் கழற்றிப் போட்ட மாதிரி முழுசாக வந்தது. கண்மூடி இரண்டும் அதில் இருந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். எடை 842. இனி எலி கொடுக்கலாமா?

மொன்றியல் அக்கா:
கொடுங்கோ. 50 கிராம் எலி போதும். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜில் உருக விட்டு, கொடுக்கும் முன் பையோடு வெந்நீரில் போட்டு உடல் சூட்டுக்குக் கொண்டுவர வேணும். மைக்ரோவேவ் வேண்டாம், உள்ளே வெந்து வெடிக்கும். விளக்கணைத்த பிறகு நீள இடுக்கியால் பிடித்து, தலை முன்னே வர, மறைவிடத்தின் வாசலில் மெல்ல அசைத்துக் காட்டுங்கோ. எடுக்காவிட்டால் அங்கேயே விட்டு விலகுங்கோ, காலையில் இருந்தால் எறிந்துவிடலாம். அடுத்தது பத்து நாளுக்குப் பிறகுதான்.

நித்யா, ஸ்கார்பரோ:
நேற்று இரவு ஒரே பாய்ச்சலில் பிடித்துவிட்டாள்! மாமியார்தான் முதலில் பார்த்துக் கூப்பிட்டார். மகள் எப்போது தூக்கலாம் என்று நச்சரிக்கிறாள்.

புற்றுமண்:
மிக்க மகிழ்ச்சி. சாப்பிட்ட பின் குறைந்தது இரண்டு நாள் தொடாதீர்கள், வயிற்றில் எலியோடு தூக்கினால் கக்கிவிடும். இவள் புதியவள் என்பதால் இன்னும் இரண்டு முறை ஒழுங்காகச் சாப்பிடட்டும். அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்தில் தொடங்கலாம். மகள் மேலிருந்து தலைப்பக்கம் கையை நீட்ட வேண்டாம், பக்கவாட்டில் வந்து உடம்பின் நடுப்பகுதியைத் தாங்கித் தூக்கட்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஊர்வனவற்றிடம் சால்மொனெல்லா என்ற வயிற்றுநோய்க் கிருமி இருக்கும்.