துறைமுகத்தில் குரல் பதிவு: எந்த ரெக்கார்டர் வாங்கலாம்?

அனைவருக்கும் வணக்கம். காசிமேடு மீனவர்களின் அனுபவங்களை வைத்து ஒரு பாட்காஸ்ட் தொடங்கியிருக்கிறேன். போன வாரம் விடிகாலை ஏலம் நடக்கும்போது ஒரு பெரியவரிடம் முக்கால் மணி நேரம் பேசினேன். வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேட்டால், பாதி நேரம் காற்று மைக்கில் படபடக்கிறது. ஏலம் கூவுகிறவர் குரலை உயர்த்திய இடமெல்லாம் ஒலி கிழிந்து கிடக்கிறது. லெவலைத் தூக்கி வைத்தது என் தப்புதான். மறுபடி சொல்லச் சொன்னால் அதே சூட்டோடு வருமா?

சரி, இனி 32-பிட் ஃப்ளோட் கருவிதான் என்று முடிவு செய்துவிட்டேன். சத்தம் திடீரென எகிறினாலும் எடிட்டிங்கில் இறக்கிக்கொள்ளலாம் (மைக்கே திணறிவிட்டால் அதுவும் காப்பாற்றாது). இந்த வகையில் ஜூம் எச்1 எசென்ஷியல் ரெக்கார்டர் சட்டைப்பையில் அடங்கும், ஆனால் எக்ஸ்எல்ஆர் இணைப்பு (தொழில்முறை மைக்குகளைச் செருகும் மூன்று முள் இணைப்பு) இல்லை. ஜூம் எஃப்3-இல் இரண்டு எக்ஸ்எல்ஆர் உண்டு, உள்ளே மைக் கிடையாது.

என்னிடம் ஷூர் எஸ்எம்58 என்ற, கையில் பிடிக்கும் டைனமிக் மைக் இருக்கிறது. வாயருகே பிடித்தால் படகு இன்ஜின் சத்தம் நன்றாக அடங்குகிறது. ஆனால் அதை நீட்டியதுமே பேசுகிறவர் செய்தி வாசிக்கிற தமிழுக்கு மாறிவிடுகிறார்! காலர் மைக்கில் இயல்பாகப் பேசுகிறார்கள், அங்கே காற்று தொல்லை.

எஃப்3-ஐ டைனமிக் மைக்கோடு பயன்படுத்தியவர்கள் யாராவது உண்டா, இரைச்சல் எப்படி? அப்புறம், காலர் மைக்குக்குப் போடும் முடி வைத்த காற்றுத்தடுப்பு ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்குமா? உப்புக்காற்றில் கருவியை எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.