இப்னு அல்ரூமியின் ‘வரைந்த வசை’க்கு ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

நண்பர்களே, அரபு இலக்கிய வரலாற்றுத் தமிழாக்கத்தில் அப்பாசியர் காலப் பகுதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிறரைப் பழித்துப் பாடும் அரபுக் கவிதை வகையான ஹிஜாவுக்கு ‘வசைக்கவி’ என்று போட்டுவிட்டேன். சிக்கல் பாக்தாத் கவிஞர் இப்னு அல்ரூமியிடம் (836–896). ஒரு கூனரைப் பாடுகிறார்: கழுத்து குறுகிப் பிடரி உள்வாங்கியிருக்கிறது, பிடரியில் ஓர் அறை வாங்கி, அடுத்தது வருவது தெரிந்து உடம்பைச் சுருக்கிக்கொண்டவர் மாதிரி. திட்டு என்பதைவிட இது படம். இந்த வகைக்கு அரபியில் இன்று ‘காரிக்காத்தூர்’ (ஆங்கிலத்தில் கேரிகேச்சர்) என்றே எழுதுகிறார்கள். நாம்?

--

அங்கதம் இருக்க வேறு எதற்கு? ‘செம்பொருள் ஆயின வசையெனப் படுமே’ என்று தொல்காப்பியமே சொல்கிறதே.

--

ஐயா, தொல்காப்பியம் அங்கே சொல்வது பழியை நேராகச் சொல்வதா (செம்பொருள்) மறைத்துச் சொல்வதா என்ற பிரிவு. பஸ்ராவின் மிர்பத் சந்தையில் கவிஞர்கள் ஜரீரும் ஃபரஸ்தக்கும் ஒருவரை ஒருவர் பழித்து மாறி மாறிப் பாடிய நகாயித் என்ற எதிர்ப்பாட்டுகளுக்குப் பொருந்தும், அங்கே குலப்பழிதான் பெரும்பாலும் சரக்கு. உருவத்தை ஊதிக் காட்டுவதற்கு ‘வசைச்சித்திரம்’ என்கிறேன்.

--

சித்திரம் வடசொல் என்பது ஒருபுறம் இருக்கட்டும், சித்திரகவி என்றாலே நம் மாணவருக்குப் பாம்பு வடிவக் கட்டங்களில் எழுத்துகளை அடைக்கும் நாகபந்தம்தான் நினைவு வரும். ‘உருவெள்ளல்’ எனலாம். உரு முற்றியலுகரம், வகர உடம்படுமெய் சரியாக வருகிறது. நகைப்புக்குக் காரணமாகத் தொல்காப்பியம் சொல்லும் நான்கில் எள்ளல்தான் முதலாவது. காரிக்காத்தூரின் மூலமான இத்தாலியச் சொல்லுக்குப் பாரம் ஏற்றுதல் என்று பொருள், அந்த வழியில் ‘மிகையேற்றம்’ என்றும் யோசித்தேன்.  

--

உருவெள்ளலை இன்று வகுப்பில் எழுதிப் போட்டேன். ‘உரு வெள்ளமா அம்மா?’ என்று முதல் வரிசையிலேயே ஒரு மாணவி கேட்டுவிட்டாள். அதைவிட முக்கியம், இது உருவத்தோடு நிற்பதில்லை. ஈசா என்ற கஞ்சனைப் பற்றி இப்னு அல்ரூமியே பாடியிருக்கிறார்: முடிந்தால் சிக்கனத்துக்காக ஒற்றை மூக்குத்துளையால் மூச்சு விடுவானாம். இதில் உரு எங்கே? குணத்தைத்தான் ஊதிக் காட்டுகிறார். ‘கேலிச்சித்திரம்’ எல்லோருக்கும் புரிகிறது, அதையே வைப்போம்.

--

மூன்று பேர் அதையே தனிமடலிலும் சொல்லிவிட்டார்கள். ‘கேலிச்சித்திர வசை’ என்று அனுப்புகிறேன்.

--

புரிகிறது என்பதற்காக நாளிதழ்ச் சொல்லை ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட கவிதைக்குப் போர்த்துவது எனக்கு உடன்பாடில்லை. உருவெள்ளலை அடைப்புக்குறியிலாவது போடுங்கள்.